பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகும் முன்

கேள்வி:

எனக்கு வயது 46. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி போடுகிறோம், கொஞ்சம் ராகி, இரண்டு கறவை மாடு. சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக இருக்கிறது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வைகாசியிலிருந்து சில நாள் ராத்திரியில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்துக்கொள்கிறது. முதுகுப் பக்கம் தோள்பட்டை வரை இழுக்கிறது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன், ஓமவாட்டர் குடித்தேன். கடைசியாக வந்தபோது வாந்தியும் சேர்ந்துகொண்டதால் தருமபுரி போய் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் நிறைய கல், பெரியது 12 மில்லிமீட்டர் என்று வந்திருக்கிறது. பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர்.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அது முடியட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். கொழுந்தனாரோ, ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் கல் தானாக வெளியே வந்துவிடும் என்று போனில் வீடியோ காட்டுகிறார். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் கல் வந்தது என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது. என் மாமியாருக்கு இதே ஆபரேஷன் அந்தக் காலத்தில் நடந்தது. வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. அதைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே என்னென்ன செய்துகொள்ள வேண்டும்? பை போன பிறகு களி சாப்பிடலாமா, மாடு கறக்கலாமா?

– பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில் (பொது அறுவை சிகிச்சை மருத்துவர்):

முதலில் கல்யாணத் தேதியைப் பேசிவிடுவோம். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதைப் பொறுத்துத்தான். தள்ளிப்போடாதீர்கள் அம்மா. இப்போது புரட்டாசி. ஐப்பசிக்குள் ஆபரேஷனை முடித்துக்கொண்டால் தை பிறப்பதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் கிடைக்கும். வயல் வேலைக்கே திரும்பியிருப்பீர்கள்.

காரணம் சொல்கிறேன். வலியே கொடுக்காத கல் வயிற்றில் இருப்பவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தெரியவரும். அப்படிப்பட்டவர்களில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் தொந்தரவு ஆரம்பிக்கும். பெரும்பாலும் அவர்களுக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை, நானும் வைக்கமாட்டேன். உங்கள் நிலை வேறு. ஒருமுறை வலி கொடுத்த கல் மறுபடியும் கொடுக்கும். எப்போது கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு 12 மில்லிமீட்டர் கல்லோடு சிறிய கற்களும் இருக்கின்றன. பெரியதைவிட அந்தச் சிறியவற்றைக் கண்டுதான் எனக்குக் கவலை. அவை நழுவிப் பித்தக்குழாயில் போய் அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலை வரும். கணையத்தின் வாயில் மாட்டிக்கொண்டால் கணைய அழற்சி வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பையில் சீழ் வைத்தால் வேகமாக முற்றும். கல்யாண வீட்டில் தூக்கம் இருக்காது, சாப்பாட்டு நேரம் தவறும், எண்ணெய்ப் பலகாரம் தட்டில் நிறையும். முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரி நீங்கள் 108-ல் போவதை வீட்டில் யாரும் விரும்பமாட்டார்கள்.

வலியில்லாமல் அமைதியாக இருக்கிற இந்த நாட்கள்தான் ஆபரேஷனுக்குச் சரியான நாட்கள். வீங்கிப் பழுத்த பையை அவசரத்தில் எடுப்பதும், ஓய்ந்திருக்கிற பையை நிதானமாக எடுப்பதும் ஒன்றல்ல. எனவே வலி நின்றுவிட்டதே, இனி எதற்கு என்று யோசிக்காதீர்கள். அஷ்டமி, நவமி பார்ப்பதாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தியேட்டர் நாள் என்று குறிப்பிட்ட கிழமைகள் இருக்கும். அந்தக் கிழமைகளுக்குள் நல்ல நாள் தேடினால் போதும்.

அதற்குள் வலி வந்தால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, மலம் வெளுத்துப் போவது, நாலைந்து மணி நேரமாகியும் அடங்காத வலி, முதுகைத் துளைக்கிற வலியோடு ஓயாத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. சோடாவும் ஓமவாட்டரும் வேண்டாம். இன்னொன்று, சர்க்கரையும் பிரஷரும் உள்ள 46 வயதுப் பெண்ணுக்கு மேல்வயிற்றில் வலி வந்தால் அது கல்லின் வலியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாரடைப்பும் பெண்களுக்கு அப்படி வருவதுண்டு. வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கினால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரின் வீடியோவுக்கு வருவோம். ஆலிவ் எண்ணெயையும் பழச்சாற்றையும் குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகள் நிஜமாகவே வரும். அதனால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். 2005-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் அப்படி வந்த உருண்டைகளைப் பரிசோதித்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பித்தக் கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்ட்ராலோ பிலிரூபினோ அவற்றில் இல்லை. குடித்த எண்ணெய் குடலின் சாறுகளோடு சேர்ந்து கட்டிய சோப்பு அது. மறுபடி ஸ்கேன் எடுத்தால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடிக்கும்போது பை வேகமாகச் சுருங்கும். சுருங்கும்போது சிறிய கல் குழாய்க்குள் தள்ளப்படலாம் என்பதுதான் இதிலுள்ள விபரீதம். வாழைத்தண்டுச் சாறு வேறு விஷயம். அது சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படுவது, இந்தக் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கில மருத்துவத்திலும் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, உர்சோடியாக்சிகோலிக் அமிலம். சுண்ணாம்பு ஏறாத, மிகச் சிறிய கொலஸ்ட்ரால் கற்களைத்தான் அது கரைக்கும். மாதக்கணக்கில் விழுங்க வேண்டும், நிறுத்தினால் பலருக்குக் கல் திரும்பவும் கட்டும். தென்னிந்தியர்களிடம் அந்த மாத்திரைக்கு அசையாத கறுப்பு, பழுப்புக் கற்கள் வட இந்தியர்களைவிட அதிகம். உங்கள் கற்களுக்கு நான் அதை எழுதித் தரமாட்டேன்.

போர் தண்ணீர் பற்றி. தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், பித்தப்பையில் கல் வைக்காது. தண்ணீரின் உப்பு பித்தப்பைக்குள் போய்ப் படிவதே இல்லை. கல்லீரல் சுரக்கிற பித்தநீர், பையில் தேங்கிக் கெட்டிப்படும்போது அதற்குள்ளிருந்தே கல் உருவாகிறது. பெண்ணாக இருப்பது, பிள்ளை பெற்றிருப்பது, எடை, சர்க்கரை, குடும்பத்தில் யாருக்காவது இருப்பது, இவைதான் காரணங்கள். வேகமாக எடையைக் குறைப்பதும் ஒரு காரணம். நாள் முழுக்க வயிறு காயும் விரதம் பையைச் சுருங்கவிடாமல் வைக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நீங்கள் விரதம் இருப்பவராக இருந்தால் இந்த வருஷம் ஒரு வேளையாவது சாப்பிட்டுவிடுங்கள். இளம் வயதிலேயே, ஒல்லியாக இருப்பவருக்குக் கல் வந்தால் தலசீமியா, சிக்கிள் செல் போன்ற இரத்த நோய் இருக்கிறதா என்று பார்ப்போம். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாமியாரின் தழும்பு அவர் காலத்து வழக்கம். விலாவுக்குக் கீழே சாய்வாகக் கீறி, பையை நேராகக் கண்ணால் பார்த்து எடுப்பார்கள். 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்ததிலிருந்து நூறு வருஷம் அதுதான் வழி. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மியூஹே சிறு துளை வழியே எடுத்துக் காட்டியபோது, அவர் சக மருத்துவர்களே அவரை ஏசினார்கள். இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெகம்டன் உத்வாடியா செய்தார். நம் பக்கம் இந்த முறையைப் பரப்பியவர்களில் கோவை டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர். இப்போது பெரும்பாலும் நாலு துளைதான். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் இரண்டு சிறியவை. பெரிய துளையே ஒரு சென்டிமீட்டர் அளவுதான்.

ஆனால் துளை என்று சொல்லித் தொடங்கி, உள்ளே பை கல்லீரலோடும் குடலோடும் பின்னிக்கொண்டு கிடந்தால், பாதியில் பழைய முறைக்கே மாறிக் கீறி எடுப்போம். நூற்றில் சிலருக்கு இப்படி ஆகும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பித்தக்குழாயை வெட்டிவிடாமல் காப்பாற்றத்தான் அந்த மாற்றம். குழாயில் காயம் படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கக்கூடியது, பட்டால் பெரிய மறு ஆபரேஷன் வரை போகும். சம்மதப் படிவத்தில் இதெல்லாம் எழுதியிருக்கும். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நம் ஜனங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற கேள்விகளையே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி தயாரிப்பு. முதலில் பரிசோதனைகள். இரத்த அணுக்கள், சர்க்கரை, கிரியாட்டினின், கல்லீரல் செயல்பாடு, இரத்தம் உறையும் நேரம், இரத்த வகை, மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, உங்களுக்குப் பெரும்பாலும் எக்கோவும் சேர்த்து. இவற்றில் நான் உற்றுப் பார்ப்பது கல்லீரல் செயல்பாட்டைத்தான். பிலிரூபின் கூடியிருந்தாலோ, ஸ்கேனில் பித்தக்குழாய் தடித்திருந்தாலோ, கல் ஏற்கெனவே குழாயில் இறங்கியிருக்கலாம். அப்போது எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இருந்தால் வாய்வழியே குழாய் விட்டு அந்தக் கல்லை எடுத்துவிட்டுத்தான் பைக்குப் போவோம். அதற்கு இ.ஆர்.சி.பி. என்று பெயர். அந்த வசதி உள்ள இடத்துக்கு, சேலத்துக்கோ பெங்களூருக்கோ, அனுப்பினால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கடைசியாக மயக்க மருந்து டாக்டர் பார்த்து ‘ஃபிட்னஸ்’ கொடுப்பார். முதுகில் போடும் ஊசி இல்லை, முழு மயக்கம்தான். ஆடுகிற பல், கட்டிய பல், இரவில் சத்தமான குறட்டை, முந்தைய பிரசவத்தில் மயக்க ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது, எந்த மருந்துக்காவது தடிப்பு வந்தது, இவையெல்லாம் அவருக்குத் தேவையான விவரங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகம் சறுக்குகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய நாளிலிருந்து, உங்களைப் போன்றவர்கள் மாத்திரைக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நல்லது. ஆனால் வார்டுக்கு வந்து, “என்னம்மா மாத்திரை?” என்று கேட்டால், “வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு” என்றுதான் பதில் வருகிறது. அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பதால் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. ஆபரேஷனுக்குச் சேரும் நாளில் மாத்திரைகளை அட்டையோடும், நோட்டோடும் கொண்டுவாருங்கள். தனியார் டாக்டரிடம் வாங்கியது, நாட்டு மருந்துக்கடைச் சூரணம், முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஊசி மாத்திரை, எதையும் விடாதீர்கள். சித்த மருந்தைச் சொன்னால் திட்டுவார்கள் என்று மறைக்கிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும், சில பிரஷரைக் குறைக்கும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வோம்.

எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்கிறேன். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போன்றவற்றை வழக்கமாக ஆபரேஷன் அன்று காலை போடுவதில்லை. வெறும் வயிற்றில் போட்டுச் சர்க்கரை இறங்கி மயங்கி வருபவர்கள் உண்டு. பெயரின் கடைசியில் ‘கிளிஃப்ளோசின்’ என்று வரும் புதிய சர்க்கரை மாத்திரைகளை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை, மூன்று நாள் முன்னதாகவே நிறுத்த வேண்டும். பட்டினியின்போது அவை உடம்பில் அமிலத்தைச் சேர்த்துவிடும், சர்க்கரை அளவு சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். இது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பிரஷருக்கு அம்லோடிபின், மெட்டோபிரலால் வகை என்றால் பெரும்பாலும் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வோம். டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை என்றால் அன்றைக்கு மட்டும் விடச் சொல்வது வழக்கம். தைராய்டு மாத்திரையை நிறுத்துவதில்லை. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரெல் போடுபவர்கள், வால்வுக்காக வார்ஃபரின் போடுபவர்கள் இருதய டாக்டரைக் கேட்காமல் தாமாக எதையும் நிறுத்தவே கூடாது. உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன், படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

சர்க்கரையை இந்த வாரத்திலிருந்தே கட்டுங்கள். மூன்று மாதச் சராசரி எட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் எகிறியிருந்தால், புண் ஆறாது என்று சொல்லித் தேதியைத் தள்ளிவைப்பார்கள். உங்கள் கல்யாணக் கணக்கு அங்கேதான் தப்பும்.

காப்பீட்டுக்கும் இப்போதே நடையுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டால் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. தனியாரில் செய்துகொள்வதாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருப்பவர்களுக்கு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் உங்கள் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றில் இனிஷியல் கணவர் பெயருக்கு, இன்னொன்றில் அப்பா பெயருக்கு என்று இருந்து, அட்மிஷன் அன்று மகன் மோட்டார் சைக்கிளில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுவது அடிக்கடி நடக்கிற காட்சி. எந்த மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் திட்டத்தில் வருகிறது என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் வர நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது எளிது. தினமும் அரை மணி நடை. வயல் வேலையே நடைதானே என்பீர்கள். குனிந்து களையெடுப்பது நடை ஆகாது, நிமிர்ந்து மூச்சு வாங்க நடக்க வேண்டும். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து எழும்பும். பலரும் அதை ஊதிவிட்டு, “பந்தே எழும்பல டாக்டர்” என்பார்கள். உறிஞ்ச வேண்டும், மெதுவாக, பந்து மேலே நிற்கிற மாதிரி. முன்கூட்டியே பழகிக்கொண்டால், ஆபரேஷன் முடிந்து வயிறு வலிக்கும்போது நெஞ்சுச் சளி கட்டாமல் இது காப்பாற்றும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பெண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை, பெண்களும் சொல்வதில்லை. சாப்பாட்டில் போண்டா, பஜ்ஜி, பரோட்டா, கொழுப்போடு கறி இவற்றை ஆபரேஷன் வரை ஒதுக்குங்கள். அவைதான் பையைச் சுருக்கி வலியைக் கிளப்புகின்றன. இட்லி, ராகிக்களி, கீரை, பருப்பு, மோர் தாராளமாக.

முந்தைய நாள். தலைக்குக் குளித்து, சோப்புப் போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தொப்புளை மறக்காதீர்கள். முதல் துளை அதன் வழியாகத்தான் போகிறது, அதற்குள் வருஷக்கணக்கில் அழுக்கு இறுகியிருக்கும். இரண்டு மூன்று நாள் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, சோப்பும் பஞ்சும் கொண்டு துடைத்தால் வந்துவிடும். குச்சி, ஊக்கு விட்டுக் குத்தாதீர்கள். வயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி ஏறும். தேவையென்றால் அங்கேயே மெஷினால் வெட்டுவார்கள். கல்யாண வீடு என்று மருதாணி இட்டுக்கொண்டுவிடாதீர்கள். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகச் சாயத்தில் தடுமாறலாம். மாதவிலக்கு அந்த நாளில் வந்தாலும் ஆபரேஷனுக்குத் தடையில்லை. தள்ளிப்போட மாத்திரை போடாதீர்கள், நர்ஸிடம் சொன்னால் போதும்.

நகை. கொலுசு, மெட்டி, மூக்குத்தி, தோடு, வளையல் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். இரத்தக் குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைப்போம், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுடுபட வாய்ப்பு உண்டு. நாள்பட்ட மெட்டி விரலில் இறுகியிருக்கும். காலையில் தியேட்டர் வாசலில் சோப்புத் தண்ணீரைத் தேடுவதைவிட முதல் வாரமே கழற்றிப் பாருங்கள். தாலிக்கொடிக்குப் பெண்கள் தயங்குவது எனக்குத் தெரியும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு, கொடியைக் கணவரிடமோ மாமியாரிடமோ கொடுங்கள். பெரும்பாலான தியேட்டர்களில் கயிற்றை ஒன்றும் சொல்வதில்லை.

பட்டினி விஷயத்தில் தியேட்டரில் கண்டிப்பு ஜாஸ்தி. முந்தைய இரவு எட்டரை ஒன்பதுக்குள் இட்லி, இடியாப்பம் போல லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். பொதுக் கணக்கு இது: திட உணவுக்கு ஆறு மணி நேரம், எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். பால் கலந்த டீயும் காபியும் திட உணவுக் கணக்குதான். கஞ்சியும் கூழும் மோரும் அப்படியே. உங்கள் மருத்துவமனை இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதைக் கேளுங்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அதனால் உயிர் போனதும் உண்டு. உடன் இருக்கும் அத்தையோ அக்காவோ விடியற்காலை, “வெறும் வயித்தோட எப்படிம்மா” என்று ஃப்ளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுப்பார்கள். பாசம்தான். அந்த ஒரு டம்ளரால் கேஸ் ரத்தாகும். குடித்துவிட்டு, குடிக்கவில்லை என்று சொல்வது அதைவிட மோசம். உடன் வருபவருக்கு இதை நீங்களே சொல்லிவையுங்கள். பெண்கள் வார்டு என்பதால் உடன் இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், கல்யாண வேலையில் யார் ஓய்வு என்று இப்போதே முடிவு செய்யுங்கள். மாட்டுக்கு யார், சொசைட்டிக்குப் பால் ஊற்ற யார் என்பதும் அந்தப் பட்டியலில்தான்.

ஆபரேஷன் ஒரு மணி நேரம், சில சமயம் கூட. கண் விழித்ததும் வயிற்றைவிட வலது தோள் வலிப்பதாகப் பலர் பயந்து சொல்வார்கள். வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு செலுத்துவோம், மிச்சம் இருக்கும் வாயு உதரவிதானத்தை உரசுவதால் தோளில் தெரியும். எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும். அன்று மாலையே அல்லது மறுநாள் நடக்கச் சொல்வோம், எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் வீடு.

களியைப் பற்றிக் கேட்டீர்கள். சாப்பிடலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல். பை அதில் கொஞ்சத்தைச் சேர்த்துவைத்துச் சாப்பாட்டு நேரத்தில் பிழிந்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. பை போனால் நீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்கு வரும். முதல் சில வாரம் எண்ணெய் அதிகம் சேர்ந்தால் சிலருக்கு வயிறு இளகிப் போகும், பிறகு பழகிவிடும். முதல் சில நாள் கூழ், இட்லி, ரசம் சாதம். பிறகு களி, கீரைக் கடைசல். கறிக்குழம்பை மூன்று நான்கு வாரம் தள்ளி, கொஞ்சமாக ஆரம்பியுங்கள். வாழ்நாள் பத்தியம் எதுவும் இல்லை.

வீட்டு வேலை ஒரு வாரத்தில் மெதுவாக. பால் கறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். குந்தி உட்கார்ந்து, வயிற்றை மடக்கி, மாடு உதைக்குமோ என்று பார்த்துக்கொண்டு செய்கிற வேலை அது. தக்காளி கிரேட், தண்ணீர்க் குடம், தீவனக் கட்டு, இவற்றை ஆறு வாரம் தொடாதீர்கள். தொப்புள் துளை ஆறுவதற்குள் பாரம் தூக்கினால் அங்கே குடல் பிதுங்கி, மறுபடி ஒரு ஆபரேஷன் ஆகும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வயிறு உப்பி வலி கூடிக்கொண்டே போவது, துளையில் பச்சையாகவோ சீழாகவோ கசிவது என்றால் தையல் பிரிக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் திரும்பி வாருங்கள். நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும், கூடினால் ஏதோ சரியில்லை.

கல்லைச் சிறிய பாட்டிலில் போட்டுக் கையில் கொடுப்பார்கள், ஊரெல்லாம் எடுத்துக் காட்டிக்கொள்ளலாம். ஆனால் எடுத்த பையைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அரிதாக அதில் புற்றுநோய் ஒளிந்திருப்பது அந்த ரிசல்ட்டில்தான் தெரியவரும். பாட்டிலை வாங்கிப் போகிறவர்கள் அந்தத் தாளை வாங்க வருவதில்லை. ஏழாம் நாளோ பத்தாம் நாளோ தையல் பிரிக்க வரும்போது அதைக் கேளுங்கள். அன்று வரவில்லையென்றால் என்றைக்கு வரும் என்று தேதி கேட்டு எழுதிக்கொண்டு, வாங்கி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.